குதிரையின் குறும்பு: மகிழ்ச்சியா, முறையீடா?

பராமரிப்பவரின் தோளில் கிடக்கும் துண்டை உருவிக்கொண்டு நான்கடி தள்ளிப் போய் நிற்கும் குதிரை, தண்ணீர் வாளியைப் பற்களால் தூக்கிக் கவிழ்க்கும் குதிரை, இரவில் தாழ்ப்பாளை நீக்கித் தானும் வெளியேறிப் பக்கத்துக் கொட்டிலையும் திறந்துவிடும் குதிரை என்று, குதிரை வளர்ப்பவர்களிடம் சொல்வதற்குக் கதைகள் ஏராளம். இத்தகைய செயல்கள் எல்லாவற்றையும் குறும்பு என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். அதற்குப் பொருள் சொல்லும்போதோ இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறோம். ஒரு கட்சிக்குக் குறும்பு என்பது கூர்மையான அறிவின் அடையாளம், குதிரை மகிழ்ச்சியாக இருக்கிறது என்பதற்குச் சான்று. இன்னொரு கட்சிக்கு அது அடங்காமை, அடித்துத் திருத்த வேண்டிய குணக்கேடு. அண்மைக் காலத்தில் வெளிவந்த விலங்கு நடத்தை ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு கருத்துகளும் நிற்கவில்லை. இக்கட்டுரையின் வாதம் இது: குறும்பு என்பது குதிரையின் துருவிப் பார்க்கும் புத்தி வெளிப்படும் வழி. வாழ்வு நிறைவாக இருக்கும்போது அந்தப் புத்தி பல விதமாக விரிகிறது. வாழ்வு குறைபட்டிருக்கும்போது ஒன்றிரண்டு செயல்களுக்குள் சிக்கிக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பச் செய்கிறது. ஆகவே ஒரு குதிரை எவ்வளவு குறும்பு செய்கிறது என்று கணக்கிடுவதைவிட எத்தனை விதமாகச் செய்கிறது என்று கவனிப்பதே அதன் நலத்தை அறிய உதவும்.

முதலில் உடலிலிருந்து தொடங்குவோம். குதிரைக்குக் கையில்லை, அதன் மேலுதடுதான் கை. தசைகள் நிறைந்த அந்த உதடு மண்ணிலிருந்து ஒற்றைப் புல்லைத் தேர்ந்து பிடிக்கவும், வேண்டாத தண்டை ஒதுக்கிவிட்டு வேண்டிய இலையை மட்டும் இழுக்கவும் வல்லது. தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால் குதிரை ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிப் பார்க்கிறது. ஆனால் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பதை அதனால் பார்க்க முடியாது. அந்த இருட்டை நிரப்புவன உதடுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் தொடு உணர்வு முடிகள். போட்டிக் குதிரைகளின் அந்த முடிகளை அழகுக்காக மழிப்பதைப் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் தடை செய்ததற்குக் காரணமும் இதுவே. மேய்ச்சலில் தன் போக்கில் வாழும் குதிரை ஒரு நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை, சில வேளைகளில் 16 மணி நேரம் வரைகூட, மேய்வதில் கழிக்கிறது. அத்தனை நேரமும் அதன் உதடு எதையாவது தொட்டு, தேர்ந்து, இழுத்துக்கொண்டே இருக்கிறது. அப்படிப்பட்ட விலங்கை நான்கு சுவர்களுக்குள் நிறுத்தி, அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் தீவனத்தைக் கொடுத்துவிட்டால் வேலையிழந்த உதடு எங்கே போகும்? தாழ்ப்பாளுக்கும் வாளிக்கும் நம் சட்டைப் பைக்கும்தான் வரும். குதிரையின் குறும்பில் பெரும்பகுதி வாயால் செய்யப்படுவது இதனால்தான்.

விளையாட்டு என்பது கொட்டிலில் அடைபட்டதால் தோன்றிய குணமும் அல்ல. பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டி தாயைச் சுற்றித் துள்ளத் தொடங்கிவிடும். வளர வளர ஆண்குட்டிகள் பொய்ச்சண்டையை நாடுகின்றன. பெண்குட்டிகள் ஓடி விளையாடுவதில் அதிக நாட்டம் காட்டுகின்றன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் குதிரை நடத்தையை ஆராய்ந்த சூ மெக்டானலும் ஏமி பூலினும் 2002-இல் குதிரை இனத்தின் விளையாட்டுகளை வகைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். பொருள்களோடு விளையாடுவது, ஓட்டமும் துள்ளலும், பொய்ச்சண்டை, இணைசேர்வதைப் போன்ற பாவனை என நான்கு பெரும் பிரிவுகள் அதில் உண்டு. கடிப்பது, தூக்குவது, உதறுவது, சுமந்து செல்வது, வீசி எறிவது, இழுப்பது எல்லாம் பொருள் விளையாட்டின் கூறுகள். நாம் திருட்டு என்று சொல்லிச் சிரிக்கும் துண்டு பறிப்பும் வாளி கவிழ்ப்பும் இந்தப் பட்டியலில் அப்படியே பொருந்துகின்றன. விளையாட்டுக்குப் பயனும் உண்டு. நியூசிலாந்தில் மனிதக் கட்டுப்பாடின்றித் திரியும் கைமனாவா குதிரைகளை ஆராய்ந்த எலிசா கேமரன் குழுவினர், அதிகம் விளையாடிய குட்டிகள் நல்ல உடல்நிலையோடு வளர்ந்ததை 2008-இல் பதிவு செய்தார்கள். அப்படியானால் குதிரை குறும்பு செய்வதற்கு ஏமாற்றும் எண்ணத்தையோ கெட்ட புத்தியையோ காரணமாகத் தேட வேண்டியதில்லை. இயற்கை அதற்குக் கொடுத்திருக்கும் விளையாட்டுத் தொகுப்பிலேயே அதன் மூலப்பொருள் இருக்கிறது.

ஆனால் விளையாட்டு என்று எதைச் சொல்வது? அமெரிக்க அறிவியலாளர் கோர்டன் பர்கார்ட் 2005-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஐந்து அளவைகளை வகுத்தார். செயல் அந்தச் சூழலில் முழுப் பயன் தராததாக இருக்க வேண்டும். தானாகவே, விரும்பிச் செய்யப்பட வேண்டும். அதன் உண்மையான வடிவத்திலிருந்து ஏதோ ஒரு வகையில் மாறுபட்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப நிகழ வேண்டும், ஆயினும் இயந்திரம்போல ஒரே அச்சில் நிகழக் கூடாது. பசியோ நோயோ அச்சமோ அழுத்தாத, தளர்வான நிலையில் தொடங்க வேண்டும். இந்த ஐந்தில் கடைசி இரண்டும் நம் விவாதத்துக்கு முக்கியமானவை. செயலின் மாறுபடும் தன்மையும் விலங்கின் மனநிலையும் ஒன்றோடொன்று எப்படி உறவுகொண்டிருக்கின்றன என்பதுதான் குதிரைக் குறும்பின் மையக் கேள்வி.

அதற்குள் போகுமுன், குறும்பை அறிவு என்று அழைக்கலாமா என்ற பழைய வழக்கைத் தீர்க்க வேண்டும். விந்தை என்னவென்றால், அந்த வழக்கு ஒன்றரை நூற்றாண்டாகத் தாழ்ப்பாளைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. டார்வினின் நண்பர் ஜார்ஜ் ரொமேன்ஸ் 1882-இல் விலங்கறிவு பற்றி எழுதிய நூலில், கதவின் தாழ்ப்பாளைத் திறக்கும் பூனையை எடுத்துக்காட்டி, அது கதவின் இயக்கத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினார். 1894-இல் லாயிட் மார்கன் இதை மறுத்தார். அவருடைய நாய் டோனி தோட்டத்துக் கதவைத் திறக்கும். ஆனால் அது கற்ற விதத்தை அவர் தொடக்கத்திலிருந்தே கவனித்திருந்தார். கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்து வேடிக்கை பார்த்த நாய், தற்செயலாக ஒருநாள் தாழ்ப்பாளை முட்டித் தூக்கிவிட்டது. பிறகு வீண் அசைவுகள் மெல்ல மெல்ல உதிர்ந்து சரியான அசைவு மட்டும் நிலைத்தது. எளிய விளக்கம் போதுமானதாக இருக்கும்போது உயர்ந்த மனத்திறனைக் காரணமாகச் சொல்லாதே என்ற மார்கனின் விதி இதிலிருந்து வலுப்பெற்றது. 1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து, அவை முயன்று தவறிக் கற்பதை நேரக் கணக்கோடு காட்டினார். அன்றிலிருந்து, கதவு திறக்கும் விலங்கைக் கண்டு வியப்பது அறிவியலுக்கு ஒவ்வாத செயலாகிவிட்டது.

குதிரையைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகத்தை இன்னும் ஆழமாக்கியது பெர்லினின் ஹான்ஸ். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் பழக்கிய அந்தக் குதிரை, கூட்டலுக்கும் கழித்தலுக்கும் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1904-இல் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் அமைந்த குழு, இதில் ஏமாற்று வேலை எதுவுமில்லை என்று கூறியது. அதற்குப் பின் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் நடத்திய சோதனைகள் உண்மையை வெளியே கொண்டுவந்தன. கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் கண்ணுக்குத் தெரியாதபோதும் ஹான்ஸ் தோற்றது. தட்டல் சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவரின் தலையும் உடலும், அவர் அறியாமலே, நூலளவு அசைந்தன. அந்த அசைவைக் கண்டு குதிரை நிறுத்தியது. ஃபுங்ஸ்ட் 1907-இல் இதை நூலாக வெளியிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்பதோடு பலரும் அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்தச் சோதனைகள் இன்னொரு செய்தியையும் நிறுவின. அறிஞர்கள் நிறைந்த ஒரு குழுவால் காண முடியாத அசைவைக் குதிரை கண்டது, அதைத் தன் இலாபத்துக்குப் பயன்படுத்தவும் கற்றது. மனிதரைப் படிப்பதே குதிரையின் முதன்மைத் திறன். நம் முகம் எப்போது மாறுகிறது, எந்தச் செயலுக்கு நாம் ஓடிவருகிறோம் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்த விலங்கு அது. குறும்பின் பாதி இந்தத் திறனில்தான் விளைகிறது.

கதவுத் தாழ்ப்பாள் பற்றிய வழக்குக்கு 2019-இல் புதிய சான்று கிடைத்தது. ஜெர்மனியைச் சேர்ந்த கான்ஸ்டான்ஸ குரூகர், லௌரீன் எஷ் ஆகியோரும் ஸ்காட்லாந்தின் ரிச்சர்ட் பர்னும் இணைந்து, கதவு திறக்கும் குதிரைகளைப் பற்றிய செய்திகளை உரிமையாளர்களிடமிருந்தும் யூடியூப் காணொளிகளிலிருந்தும் திரட்டினார்கள். கீல் வைத்த கதவுகள் 513, நகர்த்தும் கதவுகள் 49, குறுக்குக் கட்டை போட்ட வழிகள் 33 அந்தத் தொகுப்பில் இருந்தன. கிடைத்தாழ்கள், நெடுந்தாழ்கள், திருகுப் பூட்டுகள், கைப்பிடிகள், மின்வேலியின் கைப்பிடிகள், விற்சுருள் கொக்கிகள், இரண்டிடங்களில் சாவிப் பூட்டுகூட உண்டு. கைப்பிடிக்கு இரண்டு அசைவு போதும்; விற்சுருள் கொக்கிக்குப் பொதுவாகப் பத்து அசைவு தேவைப்பட்டது. பல வகைக் கதவுகளைத் திறந்து பழகிய குதிரைகள், ஒரே வகையை மட்டும் அறிந்தவற்றைவிடக் குறைந்த அசைவுகளில் வேலையை முடித்தன. 183 குதிரைகளுக்கு, வேறொரு குதிரை திறப்பதைப் பார்க்கும் வாய்ப்பே இருந்ததில்லை. தாமாகவோ மனிதரைப் பார்த்தோ கற்றிருக்க வேண்டும். பெரும்பாலான குதிரைகள் தப்பி வெளியேறுவதற்காகத் திறந்தன. தீவனத்துக்காகவும் தோழமைக்காகவும் திறந்தவை உண்டு. வெறும் ஆர்வத்துக்காக, விளையாட்டுக்காகத் திறந்தவையும் உண்டு. பொதுவழக்கில் உள்ள எந்தத் தாழும் குதிரையால் திறக்க முடியாதது என்று சொல்வதற்கில்லை என்பது அவர்களின் முடிவு.

இந்தத் தரவில் குறையுண்டு என்று மார்கனின் வழிவந்தவர் சொல்வார்; அது நியாயமே. தன் குதிரை கெட்டிக்காரத்தனம் செய்தால் உரிமையாளர் எழுதி அனுப்புவார். முயன்று தோற்ற குதிரையைப் பற்றி யாரும் எழுதமாட்டார். ஆகவே எத்தனை விழுக்காடு குதிரைகள் கதவு திறக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் இந்த ஆய்வு அந்தக் கேள்விக்கு விடை தேடவில்லை. குதிரையின் திறன் எதுவரை எட்டும் என்பதே அதன் கேள்வி. எல்லையை அறிய, உச்சியைத் தொட்ட சிலரின் பதிவே போதும். முதல் திறப்பு தற்செயலாக நிகழ்ந்திருக்கலாம் என்ற மார்கனின் விளக்கத்தையும் நாம் முழுதாக ஏற்கலாம். அதை ஏற்ற பிறகும் ஒரு வினா எஞ்சுகிறது. தற்செயல் நிகழ வேண்டுமானால் யாராவது அந்த இரும்பை விடாமல் துழாவிக்கொண்டிருக்க வேண்டும். பயன் தெரியாத பொருளை நெடுநேரம் துழாவும் அந்த ஊக்கம் எங்கிருந்து வருகிறது? அதைத்தான் இந்தக் கட்டுரை துருவிப் பார்க்கும் புத்தி என்று சொல்கிறது. பரிசும் தண்டனையும் குறும்பை நிலைநிறுத்தலாம். அதைப் பிறப்பிப்பது தேடல்.

குதிரைக்குத் தான் செய்வது தெரியுமா என்ற கேள்விக்கும் இப்போது ஓரளவு தெளிவான விடை உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் 20 குதிரைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2024-இல் வெளிவந்தது. அட்டையை மூக்கால் தொட்டால் தின்பண்டம் கிடைக்கும். அடுத்த கட்டத்தில், விளக்கு எரியும்போது தொட்டால் எதுவும் கிடைக்காது என்று விதி மாறியது. குதிரைகள் விளக்கைப் பொருட்படுத்தாமல் தொட்டுக்கொண்டே இருந்தன. விதியை அவை கற்கவில்லை என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். மூன்றாம் கட்டத்தில், தவறான வேளையில் தொட்டால் பத்து விநாடி ஆட்டம் நிறுத்தப்படும் என்றார்கள். தவறுகள் உடனே வெகுவாகக் குறைந்தன. விதியைப் புதிதாகக் கற்கும் அளவுக்கு இடைவெளி இல்லாததால், அவை முன்பே விதியை அறிந்திருந்தன, மீறுவதால் இழப்பில்லாதவரை மீறின என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜப்பானில் மோனமி ரிங்ஹோஃபரும் ஷின்யா யமமோட்டோவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. எட்டாத இடத்தில் கேரட் மறைத்து வைக்கப்பட்டபோது, அதைப் பார்த்திராத பராமரிப்பாளரைக் குதிரைகள் அதிகம் பார்த்தும் தொட்டும் தள்ளியும் வேண்டின; பார்த்திருந்தவரிடம் அவ்வளவு முயலவில்லை. எதிரே நிற்பவருக்கு என்ன தெரியும் என்பதற்கேற்ப அவற்றின் நடத்தை மாறியது. பழிவாங்கும் திட்டமோ கேலி செய்யும் எண்ணமோ இவற்றால் நிரூபணமாகவில்லை. அவற்றைக் குதிரைமேல் ஏற்றிச் சொல்வது தவறு. விதியின் எல்லையைச் சோதிப்பதும் மனிதரின் எதிர்வினையைக் கணிப்பதும் நிரூபணமாகியிருக்கின்றன. குறும்புக்கு இவ்விரண்டும் போதும்.

பிற விலங்குகளோடு விளையாடும் ஆற்றலுக்கும் சான்றுண்டு. இத்தாலிய ஆய்வாளர் வெரோனிகா மாலியேரியும் எலிசபெட்டா பலாஜி உள்ளிட்டோரும் 2020-இல், நாயும் குதிரையும் சேர்ந்து விளையாடும் 20 இணைகளின் காணொளிகளை ஆராய்ந்தார்கள். உடல் எடையில் அத்தனை வேறுபாடுள்ள இரு விலங்குகள், வாயைத் தளர்த்தித் திறக்கும் விளையாட்டு முகத்தை ஒன்றையொன்று பார்த்து ஒரு விநாடிக்குள் திருப்பிக் காட்டின. பெரிய விலங்கு தன் வலிமையை அடக்கிக்கொண்டு சிறிய விலங்குக்கு ஈடாக ஆடியது. அடங்காமைக் கட்சியினர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. விளையாடும் குதிரை கட்டுப்பாடு இழந்த குதிரை அல்ல. நுட்பமான தன்னடக்கம் இல்லாமல் விளையாடவே முடியாது.

இதுவரை சொன்னவை மகிழ்ச்சிக் கட்சிக்குச் சாதகமாகத் தோன்றும். குறும்பு தேடல், தேடல் அறிவு, ஆகவே குறும்பு செய்யும் குதிரை நலமாக இருக்கிறது என்று அவர்கள் முடிக்க நினைப்பார்கள். அந்த முடிவுக்குக் குறுக்கே நிற்கிறது பிரான்சிலிருந்து வந்த ஒரு சான்று. மார்ட்டின் ஹாஸ்பெர்ஜே தலைமையிலான குழு 2012-இல் சவாரிப் பள்ளிகளில் வளரும் முதிர்ந்த குதிரைகளை ஆராய்ந்தது. அதிகம் விளையாடிய குதிரைகளிடமே நலக்குறைவின் அடையாளங்களும் அதிகம் தென்பட்டன. முதிர்ந்த குதிரையின் விளையாட்டை மகிழ்ச்சியின் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நெடுநாள் அழுத்தத்திலிருந்து சற்றே விடுபடும் வழியாக இருக்கலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள். பர்கார்டின் ஐந்தாம் அளவையோடு இது மோதுகிறது. தளர்வான நிலையில்தான் விளையாட்டு தோன்றும் என்றால், அழுத்தத்தில் வாழும் குதிரை எப்படி அதிகம் விளையாடும்? நாள் முழுதும் அடைபட்டுக் கிடந்து, சிறிது நேரம் திடலில் விடப்படும் குதிரை, தேக்கி வைத்த அசைவையெல்லாம் அந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது என்பது ஒரு விளக்கம். அது உண்மையின் ஒரு பகுதிதான். முழு விடை வேறொரு கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கைத் தந்ததும் குரூகர், எஷ், பர்ன் மூவரே. குதிரை இனத்தின் வழக்கத்துக்கு மாறான செயல்கள் 746-ஐத் திரட்டி 2021-இல் அவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதுச் செயல்களைக் கண்டுபிடிக்கத் தூண்டுவது தேவையா, வாய்ப்பா என்பது கேள்வி. வயதோ பாலினமோ குதிரையின் வகையோ விடையை மாற்றவில்லை. வாழும் சூழல் மாற்றியது. தப்பிப்பதற்கும் தீவனம் பெறுவதற்கும் கண்டுபிடித்த செயல்களில் வகைகள் குறைவு. விளையாட்டிலும் தோழமையிலும் உடல் சுகத்துக்கான செயல்களிலும் வகைகள் மிக அதிகம். தனியே அடைக்கப்பட்டவற்றைவிடக் கூட்டமாக வாழும் குதிரைகளும், அளந்து தீவனம் பெறுபவற்றைவிட வேண்டிய மட்டும் மேய்ச்சலும் புல்லும் கிடைக்கும் குதிரைகளும் பலவகைப் புதுமைகளைச் செய்தன. உணவுக்கும் நடமாட்டத்துக்கும் தவிக்கும் குதிரையோ, பலன் தந்த ஒரு செயலைப் பற்றிக்கொண்டு அதையே அடிக்கடி செய்தது. ஆய்வாளர்களின் முடிவு, இரண்டும் உண்மை என்பது: தேவை அழுத்தினால் ஒரே செயல் திரும்பத் திரும்ப வருகிறது, வாய்ப்பு விரிந்தால் செயல்கள் பலவாகின்றன.

இந்தப் பகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் முரண்பாடு அவிழ்கிறது. பிரெஞ்சு ஆய்வு கேட்டது, குதிரை எவ்வளவு விளையாடுகிறது என்று. அளவு மட்டும் நலத்தைச் சொல்லாது. தவிப்பும் அளவைக் கூட்டும். பர்கார்டின் நான்காம் அளவை சொன்னது, ஒரே அச்சில் நிகழாதது விளையாட்டு என்று. அந்த அளவையே நமக்கு வேண்டிய திறவுகோல். இன்று துண்டைப் பறித்து, நாளை கூடையை உருட்டி, மறுநாள் நண்பனின் பிடரியைச் சீண்டும் குதிரையின் புத்தி மேய்கிறது. ஒவ்வொரு நாளும் அதே கதவை அதே முன்னங்காலால் உதைத்துக்கொண்டிருக்கும் குதிரை எதையோ கேட்கிறது. இந்தத் தொடரின் கடைசி முனையில் நிற்பவை, மரவிளிம்பைப் பற்களால் பற்றிக் காற்றை விழுங்குவது, நின்ற இடத்தில் தலையையும் கழுத்தையும் இப்புறமும் அப்புறமும் ஆட்டுவது, கொட்டிலுக்குள் ஓயாமல் சுற்றி நடப்பது ஆகிய செயல்கள். தன் போக்கில் திரியும் குதிரைக் கூட்டங்களில் இவை காணப்படுவதில்லை. பந்தயக் குதிரைகளின் பராமரிப்பை பால் மெக்ரீவி குழுவினர் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட கட்டுரை, நாளொன்றுக்கு நார்த்தீவனம் 6.8 கிலோவுக்குக் குறையும்போதும், பக்கத்துக் குதிரையோடு தொடர்புகொள்ள முடியாதபடி கொட்டில் அமையும்போதும் இத்தகைய நடத்தைகளின் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. இவற்றை வேடிக்கை என்று படம்பிடித்துப் பரப்புபவர்கள், துன்பத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

இனி நடைமுறை சார்ந்த மறுப்பு. ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு நினைத்ததைச் செய்ய விட முடியுமா, கதவைத் திறந்து சாலைக்கு வந்த குதிரை தன்னையும் பிறரையும் கொல்லாதா என்று கேட்பார்கள். அந்த அச்சம் முற்றிலும் சரி. கைவிரலைக் கவ்வும் குதிரையும், தள்ளிக்கொண்டு வரும் குதிரையும் ஆபத்தானவையே. எதைத் தடுப்பது என்பதில் கருத்து வேறுபாடில்லை. எப்படித் தடுப்பது என்பதில்தான் வேறுபாடு. அடி இங்கே இரண்டு வகையில் தோற்கிறது. குதிரை கதவை உதைக்கும்போது ஓடிப்போய் அதட்டுபவர், தனிமையில் நிற்கும் விலங்குக்கு அது தேடிய மனித வருகையைத்தான் பரிசாகத் தருகிறார். செயல் முடிந்து நேரம் கழித்து விழும் அடியை அந்தச் செயலோடு குதிரை இணைத்துப் பார்ப்பதும் இல்லை. அடித்தவரை மட்டும் அது மறப்பதில்லை. லியான் புரூப்ஸ், கேரன் மெக்கோம்ப் ஆகியோர் இங்கிலாந்தில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் சினந்த முகத்தைப் படத்தில் கண்ட குதிரைகள், சில மணி நேரம் கழித்து அதே மனிதர் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நேரில் வந்தபோது அவரிடம் எச்சரிக்கையாக நடந்துகொண்டன. படத்தில் பார்த்த கோபத்தையே நினைவில் வைக்கும் விலங்கு, முதுகில் விழுந்த கோபத்தை மறக்குமா? நாட்டிங்காம் சோதனை இதற்கு மாற்று வழியையும் காட்டிவிட்டது. வலி சிறிதும் தராத பத்து விநாடி நிறுத்தமே தவறுகளைக் குறைக்கப் போதுமானதாக இருந்தது. வேளையறிந்து, அமைதியாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட்டத்தை நிறுத்துவதுதான் குதிரைக்குப் புரியும் மறுப்பு.

இன்னொரு மறுப்பும் உண்டு. அறிவுள்ள குதிரைக்குப் பந்தும் உருளையும் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொம்மை நல்லதுதான். ஆயினும் சான்றுகள் சுட்டும் வரிசை வேறு: முதலில் நாள் முழுதும் மெல்ல நார்த்தீவனம், அடுத்து தொட்டுப் பழகத் தோழமைக் குதிரை, பிறகு ஓடத் திடல், அதற்கும் பிறகே பொம்மை. குதிரையின் வயிறு ஓயாமல் அமிலம் சுரந்துகொண்டிருப்பது. வெறும் வயிற்றோடு நிற்கும் குதிரைக்குப் பந்தைக் கொடுப்பது பசித்த குழந்தைக்குக் கிலுகிலுப்பை காட்டுவதற்கு ஒப்பாகும். அடிப்படைகளைக் கொடுத்த பிறகும் குதிரை குறும்பு செய்யும். முன்பைவிடப் பல விதமாகவே செய்யும். அப்போது தாழ்ப்பாளுக்கு, குதிரையின் உதடு எட்டாத கீழ்ப்பகுதியில் இரண்டாவது பூட்டொன்று போட்டுவிட்டு, மற்றதை விளையாட்டாக ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை.

மெரினா கடற்கரையிலும் உதகையிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். அவற்றை வைத்துப் பிழைப்பவர்களுக்குப் பரந்த திடலோ தனிக் கொட்டிலோ கைக்கெட்டாத செலவாக இருக்கலாம். ஆனால் வேலையில்லாத நேரத்தில் இன்னொரு குதிரையின் அருகே கட்டுவதும், கொள்ளுக்கு மேல் போதிய புல்லும் வைக்கோலும் வைப்பதும், நீளமான கயிற்றில் மேயவிடுவதும் பெரும் முதலீடு கேட்பவை அல்ல. ஒரு குதிரை குறும்பு செய்தால் உடனே கையை ஓங்கவும் வேண்டாம், கைதட்டிச் சிரிக்கவும் வேண்டாம். ஒரு வாரம் கவனியுங்கள். செயல்கள் மாறிக்கொண்டே இருந்தால் நலமான புத்தி விளையாடுகிறது என்று கொள்ளுங்கள். தாழ்ப்பாளை மட்டும் பலப்படுத்துங்கள். ஒரே செயல் நாள்தோறும் திரும்பி வந்தால் அதன் தீவனத்தையும் தோழமையையும் நடமாட்டத்தையும் சரிபாருங்கள். அங்கே திருத்தம் தேவைப்படுவது குதிரைக்கு அல்ல, அதை நாம் வைத்திருக்கும் நிலைக்கு.